ஓலைச்சுவடியும் ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்கும்

பேக்கப்னா நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க மக்களே. எங்க பழைய தஞ்சாவூர் ஜில்லா உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா., கும்பகோணம் காலேஜ் தமிழாசிரியரா இருந்தப்பவே இதோட அருமையைப் பார்த்தவர். 1887-ல் அவர் பதிப்பிச்ச சீவக சிந்தாமணிக்கு ஊர் ஊரா சுவடி தேடினார். ஒண்ணுல சிதைஞ்ச வரி இன்னொரு ஊர்ச் சுவடியில கிடைச்சுது.

ஓலை பழசானா புதுசா எழுதிட்டு, பழசை ஆடிப்பெருக்குல ஆத்துல விடுறது பழக்கம். பல வீட்டுல எழுதுறது நின்னுபோச்சு, விடுறது நிக்கலை!

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு. வேற எங்கயும் பிரதி இல்லாத சுவடிகள் போனது போனதுதான்.

அதனால, ரெண்டு டிஸ்க்கையும் ஒரே பீரோல வைக்காதீங்க. ஒண்ணு ஊர்ல அம்மாகிட்ட இருக்கட்டும் :)