இல்லமும் திருச்சபையும்: கிறிஸ்தவக் கல்வி பற்றிக் கொல்லிமலை எழுப்பும் வினா

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் எருமப்பட்டியை அடையும்போது, வடகிழக்கே கொல்லிமலை நெடுஞ்சுவரென எழுந்து நிற்பதைக் காணலாம். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நடந்தே ஏற வேண்டும்; இயலாதோரை டோலியில் தூக்கிச் செல்வர். மலைச்சுரத்துக்கு அஞ்சிய சமவெளி மக்கள் அங்கு இராத் தங்கவும் தயங்கினர். அம்மலையில் ஒரு சிறு சபை தோன்றிய வரலாற்றை நாம் மருத்துவப் பணியின் வரலாறாகவும் தியாகத்தின் வரலாறாகவும் சொல்லிப் பழகிவிட்டோம். மிஷனெரி ஞாயிறுகளில் பிரசங்கத்துக்கு அது நல்ல எடுத்துக்காட்டாகவும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் அவ்வரலாற்றுக்குள் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றிய ஒரு வினா பொதிந்து கிடக்கிறது. அதனை எடுத்துப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா இதுவே: பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் பொறுப்பு முதலாவது யாருடையது? வேதம் தரும் விடையில் ஐயமில்லை. உபாகமம் ஆறாம் அதிகாரம், கடவுளின் கட்டளைகளைப் பிள்ளைகளோடு பேசுவதற்குரிய இடங்களாக வீட்டையும் வழியையும், வேளைகளாகப் படுப்பதையும் எழுவதையும் குறிப்பிடுகிறது. அங்கே பள்ளிக்கூடம் இல்லை, ஆசாரியனும் இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு வேர் தேடும் பவுல், அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். நம் போதகர் அனைவரும் இவற்றை அறிவர். அறிந்திருந்தும் நடைமுறையில் இப்பொறுப்பு முழுவதையும் ஞாயிறு பள்ளியிடமும் திடப்படுத்தல் வகுப்பிடமும் ஒப்படைத்துவிட்டோம். பெற்றோரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெற்றோரைக் காட்டிலும் திருச்சபைக்கே பங்கு மிகுதி என்பது என் எண்ணம்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவோம். 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, ஒரு தமிழ் ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். கற்பிக்க வந்தவர் பிள்ளைகளோடு பிள்ளையாய் உட்கார்ந்து கற்றார் என்பது தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் கல்வி வரலாற்றுக்கு அழகிய தொடக்கம். அடுத்த ஆண்டிலேயே லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் பெயர்த்தார். 1707இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி ஏற்பட்டது.

இந்த ஞானோபதேச நூலின் பிறப்பை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். 1528இல் லூத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டபோது, மக்களின் அறியாமையையும் குருமார் பலரின் தகுதியின்மையையும் கண்டு மனம் நொந்தார். அதன் விளைவாக 1529இல் வெளிவந்ததே அந்நூல். அதன் தலைப்புகள் குருவை நோக்கியவையல்ல. குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இவற்றை எளிய முறையில் எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்றே ஒவ்வொரு பகுதியும் தொடங்குகிறது. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றோடு காலை மாலை ஜெபங்களும் உணவு வேளை ஜெபங்களும் அதில் உள்ளன. சுருங்கச் சொன்னால் அது வீட்டுக்கென எழுதப்பட்ட நூல்.

அந்நூல் தரங்கம்பாடியில் யார் கைக்கு வந்து சேர்ந்தது? 1707 மே 12ஆம் நாள் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் ஐரோப்பியரிடம் அடிமைகளாயிருந்தவர்கள். வீட்டுத் தலைவனுக்கென எழுதப்பட்ட நூல், தமக்கென வீடே இல்லாதவர்கள் கையில் வந்தது. பின்னர்ச் சேர்ந்தவர்களிலும் பலர் வறியவர், உறவினரால் ஒதுக்கப்பட்டவர், எழுத்தறியாதவர். இந்நிலையில் மிஷனெரியே தகப்பனானார். மிஷன் பள்ளியே வீடானது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அங்கேயே தரப்பட்டன. இதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அன்று வேறு வழியும் இல்லை. பின்னாளில் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாக வாட்டியது. அதுபோன்ற காலங்களில் மிஷன்கள் நடத்திய அநாதை இல்லங்களும் விடுதிகளும் எத்தனையோ உயிர்களைக் காத்தன. ஆனால் இக்கட்டான காலத்தின் ஏற்பாடு நிலையான முறையாகிவிட்டது. விடுதியில் வளர்ந்தவர் பெற்றோரானபோது, வீட்டில் விசுவாசத்தைக் கற்பிப்பது எவ்வாறு என்பதை அவர்கள் கண்டதில்லை. தாம் வளர்ந்தவாறே தம் பிள்ளைகளும் வளர, அவர்களையும் விடுதிக்கே அனுப்பினர்.

இதற்கு ஒரு விலக்கைக் குறிப்பிடாமல் செல்வது நேர்மையன்று. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு வளர்க்கப்பட்ட வேதநாயக சாஸ்திரியார், தாமே மிஷன் பள்ளியின் பிள்ளை. பின்னர் மிஷன் பள்ளியின் ஆசிரியர். ஆயினும் அவர் இயற்றிய கீர்த்தனைகள் பள்ளியைவிட்டு வீடுகளுக்குள் புகுந்தன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத தாய்மார் அவற்றைக் கேட்டுப் பாடமாக்கி, மாலை விளக்கேற்றியபின் பிள்ளைகளோடு அமர்ந்து பாடினர். ஞானோபதேச நூல் செய்யத் தவறியதைப் பாட்டு செய்தது எனலாம். இன்று நம் வீடுகளில் அப்பாடல்கள் ஒலிநாடாவிலிருந்து ஒலிபெருக்கிக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் மாறிவிட்டன. கேட்கிறோம், பாடுவதில்லை.

ஞாயிறு பள்ளி இயக்கம் வேறு வழியாக வந்தது. 1780இல் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் தொழிற்கூடங்களில் உழைத்து ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைச் சிறுவருக்கு எழுத்தறிவும் வேத அறிவும் தருவதே அவர் கருத்து. கிறிஸ்தவப் பெற்றோரின் இடத்தை நிரப்ப அது ஏற்படவில்லை. 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் அமைந்தபின் இம்முறை நம் நாடெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஹொரேஸ் புஷ்னெல் 1847இலேயே, கிறிஸ்தவ வீட்டின் பிள்ளை தொடக்கமுதல் கிறிஸ்தவப் பிள்ளையாகவே வளர வேண்டும் என்றும், பெற்றோரின் வாழ்வே அதற்கு வழி என்றும் எழுதினார். நம் நாட்டில் நாம் ஞாயிறு பள்ளியை ஏற்றுக்கொண்ட அளவுக்குப் புஷ்னெலின் கருத்தை ஏற்கவில்லை.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். கட்டடத் தொழில் கற்று, ஓரளவு மருத்துவப் பயிற்சியும் பெற்ற ஜெஸ்ஸி பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனின் சார்பில் 1907இல் இந்தியா வந்தார். ஈவ்லின் ஹாரிஸ் 1911இல் வந்தார். 1913இல் இருவரும் மணந்து மலைமேல் குடியேறினர். மருத்துவம் செய்தனர், பள்ளிகள் தொடங்கினர், தச்சுத் தொழிலும் பயிர்த்தொழிலும் கற்பித்தனர், ஊர் ஊராக நடந்து நற்செய்தி கூறினர். மக்கள் மருந்தை ஏற்றனர், செய்தியை ஏற்கவில்லை. எதிர்ப்புக்கு முன்நின்றவர் ஒரு பூசாரி. ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் எட்டியது. நோயுற்றோரைத் தொட உறவினரும் அஞ்சிய அந்நாட்களில், பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு சென்று ஊட்டினர். பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி, தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின்னரே மலையில் மனங்கள் திறந்தன, சபை உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியில் நான் நின்று நோக்குவது ஒன்றுண்டு. அந்த மனிதர் தம் குழந்தையை ஒரு பள்ளியில் சேர்க்கவில்லை. ஒரு மதத்தில் சேர்த்ததாகக்கூட அவர் எண்ணியிருக்கமாட்டார். பல ஆண்டுகள் பகைவனாய் நின்று கூர்ந்து கவனித்த ஒரு வீட்டில் அவர் குழந்தையை வைத்தார். அந்த வீட்டில் என்ன நடக்கிறது, அவர்கள் எவ்வாறு உண்கின்றனர், வேலையாட்களிடம் எவ்வாறு பேசுகின்றனர், துன்பம் வந்தபோது என்ன செய்கின்றனர் என்பதெல்லாம் மலையில் மறைவாக இருந்திருக்க இயலாது. அந்த வீடே அவருக்கு ஞானோபதேசமாயிற்று. பிரசங்கத்தினால் ஆகாதது வீட்டினால் ஆயிற்று என்று நான் பிரசங்கத்தை இழித்துக் கூறவில்லை. வீடு சான்று பகராதவிடத்துப் பிரசங்கம் காற்றில் போகும் என்றே கூறுகிறேன்.

அவ்வீட்டில் பிறந்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் 1914இல் பிறந்த பால் பிராண்ட். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்றவர். சிறுவன் பாலுக்குத் தாயே ஆசிரியை. பலாமரத்தில் ஏறி அமர்ந்து பாடங்களைச் செய்து, முடித்த தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே அமர்ந்திருக்கும் தாய்க்கு இறக்கிவிடுவானாம். நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர் எத்தனை பேர் இதற்கு இணங்குவர் என்று தெரியவில்லை! தந்தையோ காட்டுவழியே அழைத்துச் சென்று, கறையான் புற்றை உடைத்துக் காட்டி, அதனுள் நடக்கும் ஒழுங்கை விளக்கி, படைத்தவரின் கைத்திறனைப் போற்றுவார். ஜெபம் வேறு, கணக்கு வேறு, காடு வேறு என்ற பிரிவு அங்கு இல்லை. உபாகமம் கூறும் வழி நடக்கையில் கற்பித்தல் இதுவன்றி வேறென்ன?

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தலாகாது. 1923இல், பாலுக்கு ஒன்பது வயதானபோது, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். அக்கால மிஷனெரிமாருக்கு அதுவே வழக்கம். தந்தையை மகன் மீண்டும் காணவில்லை. ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் மாதத்தில், கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியா வகையினால் மலையிலேயே இறந்தார். தந்தி முதலில் வந்தது. கடிதங்களோ கப்பலில் வந்தமையால், இறந்துபோன தந்தையின் கடிதங்கள் பின்னும் சில வாரங்கள் மகனுக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றில் மலையின் மரங்களைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் முன்போலவே எழுதியிருந்தார். வீட்டுக் கல்வியின் பெருமையை நமக்குக் காட்டிய அதே குடும்பம், பணியின்பொருட்டு வீட்டையே இழந்தது. பணிக்காகக் குடும்பத்தை இவ்வாறு பிரிக்கலாமா என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நம்மால் எளிதில் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. இன்று ஊழியத்தைக் காரணங்காட்டித் தம் பிள்ளைகளோடு ஒரு வேளை உண்ணவும் நேரமில்லாத குருமார் (நானும் அவர்களுள் ஒருவனாயிருந்தேன்) இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஈவ்லின் அம்மையாரோ மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் மலைகளைவிட்டு அகலாது, குதிரையேறி ஊர் ஊராகச் சென்று பணிசெய்து, 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் பண்ணப்பட்டார்.

கொள்கையளவில் இங்கு ஓர் ஐயம் எழலாம். பிராண்ட் தம்பதியர் பாப்டிஸ்டு சபையார். குழந்தைத் திருமுழுக்கை ஏற்காதவர். தரங்கம்பாடியாரோ குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர். இருவரையும் ஒருங்கே வைத்துப் பேசலாமா? பேசலாம் என்றே கருதுகிறேன். குழந்தைத் திருமுழுக்கில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபையின்முன் வாக்குக் கொடுக்கின்றனர். அவ்வாக்கு வீட்டில் நிறைவேறாவிடில் திருமுழுக்கு வெறும் சடங்காகிவிடும். விசுவாசிகளின் திருமுழுக்கை வற்புறுத்துவோருக்கோ, பிள்ளை ஒருநாள் தானாக அறிக்கையிடும்படி அதன் உள்ளத்தைப் பண்படுத்தும் பொறுப்பு உண்டு. அதுவும் வீட்டின் பொறுப்பே. கிறிஸ்தவக் கல்வியின் நோக்கம் வேத அறிவைப் பெருக்குவது மட்டுமன்று. அவ்வறிவு எத்தகைய வாழ்வைக் குறித்ததோ அவ்வாழ்வைப் பிள்ளை கண்ணால் காணச் செய்வதுமாகும். அறிவைச் சபை தரலாம். ஞாயிறன்று ஒரு மணி நேரத்தில் வாழ்வைக் காட்ட இயலாது. ஆகவே சபையின் முதற்கடமை பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைக் காட்டிலும் பெற்றோரைக் கற்பிக்கத் தகுதியாக்குவதே. நம் இறையியற் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை மாணவரே சொல்லட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், என் சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பின் ஒரு பகுதியைப் பெற்றோரே வீட்டில் நடத்தும்படி கேட்டேன். பத்துக் கட்டளைகளைத் தாங்கள் அறிந்தபடி பிள்ளைகளோடு பேசினால் போதும் என்றேன். முதலாண்டில் இரண்டு குடும்பங்களே இணங்கின. படிப்பில்லை, நேரமில்லை, ஐயர் சொன்னால்தான் பிள்ளை கேட்கும் என மற்றவர் கூறினர். களத்துமேட்டில் கூலிவேலை செய்யும் ஒரு தாய் மட்டும் பிற்பாடு என்னிடம் வந்து, களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையைத் தன் மகனிடம் பேச வெட்கமாயிருந்தது என்றும், முதலாளியின் களத்திலிருந்து தான் மடியில் கட்டிவந்த நிலக்கடலையை அவன் தின்றிருக்கிறான் என்றும் கூறினார். பேசினீர்களா என்று கேட்டேன். பேசியதாகவும், பேசும்போது இருவரும் அழுததாகவும் சொன்னார். அவ்வாண்டு என் வகுப்பில் அக்கட்டளையை நான் நடத்தவில்லை. அப்பையனையே எழுந்து பேசச் சொன்னேன்.