பன்னிரண்டு கவிதைகளும் ஒரு பிளொப்பியும்

1984இல் ரொறன்ரோவில் ஒரு கவிதை நூல் வெளிவந்தது. நூல் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். வாங்கியவர் கைக்குக் கிடைத்தது ஐந்தேகால் அங்குல பிளொப்பி. மொத்தம் நூறு படிகள். ஒவ்வொன்றிலும் இலக்கமும் ஆசிரியர் கையொப்பமும். அண்டர்விச் எடிஷன்ஸ் வெளியிட்ட அந்தத் தொகுப்பின் பெயர் 'ஃபர்ஸ்ட் ஸ்கிரீனிங்', அதாவது முதல் திரையிடல். ஆசிரியர் பிபிநிக்கல். தன் பெயரின் முதலெழுத்துக்களை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாக, இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுவார். தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாததால் அந்தக் குறும்பு நமக்கு வந்து சேராது.

வன்கூவரில் 1944இல் பிறந்து ரொறன்ரோவில் வாழ்ந்தவர் நிக்கல். 1970இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருது பெற்றார். எழுத்தைப் படமாக அடுக்கும் காட்சிக் கவிதைகள் எழுதினார். 'ஃபோர் ஹோர்ஸ்மென்' என்ற நால்வர் குழுவோடு மேடையேறி, சொற்களை வெறும் ஒலியாக உடைத்துக் கவிதை நிகழ்த்தினார். 'ஃபிராகிள் ரொக்' என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடருக்கும் எழுதினார். இங்கே வளர்ந்த உங்களில் சிலர், யார் எழுதியது என்று தெரியாமலே அவரைச் சிறுவயதில் கேட்டிருக்கக்கூடும். தாளில் எழுத்தை இடம்பெயர்த்துப் பார்த்தவர் அசையும் திரை கிடைத்ததும் அதில் இறங்கியதில் வியப்பில்லை.

அவர் பயன்படுத்தியது அப்பிள் டூ-ஈ கணினி. திரையில் வரிக்கு நாற்பது எழுத்து, மொத்தம் இருபத்துநான்கு வரி. மொழி அப்பிள்சொஃப்ட் பேசிக். பள்ளிப் பிள்ளைகள் பழகிய மொழி. அதில் பன்னிரண்டு கவிதைகளை நிரலாக எழுதினார். ஒரு கவிதை சத்தமில்லாத ஒலிக்கவிதை. மேடையில் தொண்டை கிழியக் கத்தியவர் செய்த வேலை என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

திரையில் சொல் தோன்றும், நகரும், மறையும். இடையே வரும் மௌனத்தை அவர் எப்படி உண்டாக்கினார் என்பதில்தான் என் தொழில் புத்தி நின்றுவிட்டது. கணினியை ஒன்றுமில்லாமல் எண்ணவிட்டார். ஒன்றிலிருந்து ஒரு எண் வரை எண்ணு, முடிந்ததும் அடுத்த சொல்லைக் காட்டு. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு கொண்ட அந்த இயந்திரத்தில் அது ஒரு மூச்சுவிடும் நேரம். இன்றைய கணினியின் வேகத்தில் அதே நிரலை அப்படியே ஓடவிட்டால் கவிதை கண்ணிமைக்குமுன் முடிந்துவிடும். எழுத்தெல்லாம் இருக்கும், மௌனம் இருக்காது.

நிக்கல் 1988இல், நாற்பத்துநான்கு வயது நிரம்புமுன் இறந்துபோனார். அவர் கவிதைகள் ஓடிய இயந்திரங்களும் மெல்ல மெல்ல வீடுகளிலிருந்து விடைபெற்றன. 1990களின் தொடக்கத்தில் மெக்கின்ரொஷ் கணினியின் ஹைப்பர்கார்ட் மென்பொருளுக்கு ஒருவர் அவற்றை மாற்றி எழுதினார். 2004இல் அப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டைக் கைவிட்டது. காப்பாற்ற வந்த படகும் தாண்டது.

2007இல் ஜிம் அன்ட்ரூஸ், ஜெஃப் ஹூத், லயனல் கேர்ன்ஸ், மார்க்கோ நியெமி, டான் வேபர் என்ற ஐந்து பேர் சேர்ந்து தொகுப்பை இணையத்தில் வெளியிட்டார்கள். பழைய அப்பிள்போல் நடந்துகொள்ளும் எமுலேட்டரில் ஓட்ட ஒரு கோப்பு, ஹைப்பர்கார்ட் வடிவம், காணொளி, ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதிய வடிவம் என்று நான்கு விதமாகக் கொடுத்தார்கள். கூடவே நிக்கல் எழுதிய பேசிக் நிரலையும் வைத்தார்கள். பழைய மென்பொருளைப் புதிய இயந்திரத்துக்கு மாற்ற ஆலோசனை சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எந்த வாடிக்கையாளரும் நான்கு வழி கேட்டதில்லை. தரவு வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்பார்கள். இந்த ஐவரோ தனியொரு வழியை நம்பவில்லை.

நான்கிலும் காணொளிக்குத்தான் என்னிடம் மதிப்புக் குறைவு. எல்லோராலும் உடனே பார்க்க முடியும், ஆனால் பார்க்க மட்டும்தான் முடியும். விலைமதிப்பில்லாதது நிரல். அதன் ஆரம்பத்தில், திரைக்கு வராத குறிப்பு வரியொன்றில், ஆர்வமுள்ள வாசகருக்கு நிக்கல் ஒரு செய்தி விட்டிருக்கிறார்: 1748ஆம் வரியில் ஒரு காதல் கதை இருக்கிறது, தேடிப் போங்கள். தொகுப்பை வழக்கம்போல் ஓடவிட்டால் அது வராது. அந்த இலக்கத்தைத் தட்டி நிரலை அங்கிருந்து தொடங்க வேண்டும். அப்போது ஃபிரெட், ஜிஞ்சர் என்ற இரண்டு பெயர்கள் திரையில் நடனமாடும். பழைய ஹொலிவூட் படங்களின் ஆட்ட ஜோடி. நிரலைப் படிக்காதவருக்கு அப்படி ஒரு கவிதை இருப்பதே தெரியாது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வன்கூவரில் வாழும் வில்லியம் கிப்சன், தன் தகப்பனாரின் புகைப்பட ஆல்பத்தை நினைத்து எழுதிய 'அக்ரிப்பா' 1992இல் பிளொப்பியில் வந்தது. ஒருமுறை ஓடியதும் தன்னைத்தானே வாசிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துகொள்ளும் ஏற்பாடு. கவிதையின் வரிகள் விரைவிலேயே இணையத்தில் பரவிவிட்டன. அழியட்டும் என்று செய்தது பிழைத்தது, ஊரெல்லாம் படியெடுத்ததால்.

மின் இலக்கிய அமைப்பு என்று 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்புக்காக நிக் மொன்ஃபோர்ட்டும் நோவா வார்ட்ரிப்-ஃபுருயினும் 2004இல் எழுதிய சிறு கையேடு இதைத்தான் அறிவுரையாகச் சொன்னது. திறந்த முறைகளில் எழுதுங்கள், நிரலைப் பத்திரப்படுத்துங்கள், பிறர் படியெடுக்க விடுங்கள். எத்தனை பேர் கேட்டார்களோ! 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. அதில் செய்த கவிதைகள் ஏராளம்.

நம்மிடம் ஓலைச்சுவடி உவமை ஒன்று தயாராக இருக்கிறது. எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. செல்லரித்த ஏட்டில் மிச்சமுள்ள எழுத்தாவது கண்ணுக்குத் தெரியும். பிளொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சில வருடங்களுக்குமுன் இங்கே காலமான ஒரு கவிஞரின் மகள் என்னிடம் ஒரு பெட்டி பிளொப்பி தந்தாள். அவர் தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினி நிறுவாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பல இருக்கின்றன. எழுத்தெல்லாம் ஒரு மாலைக்குள் திரும்பி வந்துவிட்டது. மழையைப் பற்றிய கவிதை ஒன்றில்தான் சிக்கிக்கொண்டேன். இடைவெளிகளை எண்ணி எண்ணிப் போட்டு, சொற்கள் சாய்ந்து பெய்வதுபோல் அடுக்கியிருந்தார். புதிய எழுத்துருவின் அகலம் வேறு. மழை குலைந்து வெறும் பத்தியாகிவிட்டது.

சிக்கல் அகலத்தோடு முடியவில்லை. பாமினியில் 'கொ' என்பது மூன்று குறிகள்: கொம்பு, ககரம், கால், கண் பார்க்கும் அதே வரிசையில். யூனிகோடில் இரண்டு: ககரம் முன்னால், ஒகரக் குறி பின்னால். கொம்பை மட்டும் வரிசையின் ஓரத்தில் தனியே தொங்கவிட்டிருந்தார் அவர், துளிபோல. மாற்றும் கருவிக்கு அது தட்டச்சுப் பிழை; பக்கத்து எழுத்தோடு ஒட்டிவிட்டது.

மூன்று கோப்புகளாகச் செய்தேன். தேடிப் படிக்க யூனிகோடில் ஒன்று, மழை பெய்யும் பக்கத்தின் படம் ஒன்று, அவர் தட்டியது தட்டியபடியே இன்னொன்று. எந்தக் கோப்பை வைத்துக்கொள்வது என்று மகள் கேட்டாள். மூன்றையும் என்றேன். அவற்றோடு பாமினி எழுத்துருவையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினேன்.