சாயாத தண்டு – 7: காற்று சொன்ன தீர்ப்பு

போன வாரம் சி. சுப்பிரமணியத்தை எங்கே விட்டோம், ஞாபகம் இருக்கிறதா? எஃகுத் துறையில் இருந்தவரைப் பிரதமர் சாஸ்திரி கூப்பிட்டு, அமைச்சர்களின் மயானம் என்று டெல்லியே பயந்த உணவு, வேளாண்மைத் துறையைக் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

டெல்லிக்குப் போகுமுன் நம் ஊர் வயலுக்கு ஒரு நிமிடம் வாருங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் இறங்கினால் நெல். அங்கே வயதான விவசாயி யாரையாவது கேளுங்கள். யூரியா கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டால் பயிர் கருகருவென்று கிளம்பும். போகிறவர், வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். பால் பிடித்துக் கதிர் கனக்கும் நேரத்தில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் வரும். விடிந்து பார்த்தால் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

"பயிர் படுத்துடுச்சு."

அந்த இரண்டு வார்த்தையில் ஒரு வருஷச் சோறு போய்விடும்.

வடக்கே கோதுமைக்கும் இதே கதிதான். நாட்டு ரகங்கள் நெடுநெடுவென்று வளரும். மெலிந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், மாட்டுக்கு வைக்கோலும் தரும். ஆனால் உரத்தைக் கூட்டினால் தானியம் கூடாது, தண்டுதான் நீளும். பிறகு சாயும். உரத்துக்குக் கொடுத்த காசு மண்ணோடு போகும்.

கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனை இந்தக் கவலை வெகுநாளாகத் துரத்திக்கொண்டிருந்தது. கட்டாக்கில் நெல்லில் அதற்கு வழி தேடியிருந்தார். டெல்லி பூசா நிலையத்தில் கோதுமை விதையில் செயற்கையாக மரபு மாற்றங்களை உண்டாக்கிப் பார்த்தார். தண்டு குட்டையானது. கூடவே கதிரும் குட்டையானது! பிறகுதான் மெக்சிகோவில் நார்மன் போர்லாக் வளர்த்த குட்டை ரகங்கள் கண்ணில் பட்டன. தண்டு குட்டை, கதிரோ நீளம். 1963-ல் போர்லாக் வந்து இந்திய வயல்களைப் பார்த்துவிட்டுப் போய் விதை அனுப்பினார். பூசா திடலில் நன்றாகவே விளைந்தது.

ஆனால் இந்தப் புது விதையை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். ஆராய்ச்சித் திடலில் விளைவது விவசாயியின் வயலில் விளையுமா?

அப்படியானால் விவசாயியின் வயலிலேயே போட்டுப் பார்ப்போம் என்றார் சுவாமிநாதன். அதிலும் ஏழை விவசாயியின் வயலில். வசதியானவர் வயலில் விளைந்தால் அது பணத்தின் விளைச்சல் என்று சொல்லிவிடுவார்கள். இல்லாதவர் வயலில் விளைந்தால் விதையைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்?

அமைச்சர் சரி என்றார். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா! பக்கத்து வயலைப் பார்த்தால்தான் விவசாயி நம்புவான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1964-ல் தேசிய செயல்விளக்கத் திடல்கள் தொடங்கின. வேலை சுலபமாக இல்லை. நாட்டு ரகத்தைப் போலக் குட்டை ரகத்தை ஆழமாக விதைத்தால் முளையே வெளியே வராது. ஐந்து சென்டிமீட்டருக்குள் விதைக்க வேண்டும். முதல் தண்ணீர் சுமார் 21-ஆம் நாள், புது வேர் இறங்கும் நேரத்தில். நாள் தவறினால் தூர் கட்டாது. இதோடு உரமும் வேண்டும். ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து வரை! நாட்டு ரகத்துக்கு நினைத்தே பார்க்க முடியாத அளவு.

இனி காற்று வர வேண்டும்.

வட இந்தியாவில் மார்ச் மாதம் திடீரென்று மழைக்காற்று அடிக்கும். மணி முற்றும் நேரம், தண்ணீர் குடித்து மண் இளகியிருக்கும். ஒரு மணி நேரக் காற்று போதும். உரம் தின்ற நெட்டைப் பயிர் வரப்பு தெரியாமல் மடிந்து விழும்.

குட்டைப் பயிர் ஆடும். வளையும்.

விழாது.

உரம் போட்டுப் பார்க்கும் எந்தச் சோதனைக்கும் உண்மையான நீதிபதி இந்தக் காற்றுதான் என்பேன். தராசு பிறகுதான் வருகிறது. நாட்டு ரகத்தில் ஹெக்டேருக்கு ஒரு டன் சொச்சம் கண்டிருந்த இடங்களில் இப்போது நான்கு டன்னுக்கும் மேல். சுற்றுவட்டார விவசாயிகள் களத்துக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது விதை.

விதை எங்கே?

மெக்சிகோவில்தான். வாங்க வேண்டுமானால் அந்நியச் செலாவணி வேண்டும். கஜானாச் சாவி இன்னொரு தமிழரிடம் இருந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விதைக்கும் உரத்துக்கும் டாலர் கேட்டால் எங்கே போவது என்பது அவர் கவலை. கப்பல் கப்பலாகக் கோதுமை வாங்க மட்டும் வழி இருக்கிறதா என்பது சுப்பிரமணியத்தின் வாதம். சாஸ்திரி சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். சுப்பிரமணியமோ டெல்லியில் தன் அரசு பங்களாத் தோட்டத்தையே உழுது, அந்தக் குட்டைக் கோதுமையை விதைத்துவிட்டார்!

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது.

கோதுமை நிமிர்ந்துவிட்டது. நெல்?

பிலிப்பைன்ஸிலிருந்து குட்டை நெல் ஐ.ஆர். 8 வந்தது. உரத்தைத் தின்றது, சாயவில்லை. ஆனால் நோயும் பூச்சியும் அதைத் தேடி வந்தன. குருத்துப்பூச்சியைத் தாங்கும் நெல் எங்கே என்று அங்குள்ள விஞ்ஞானிகள் தேடினார்கள். அவர்கள் கை ஒரு பெயரில் நின்றது.

டி.கே.எம். 6.

அந்த எழுத்துகள் திரூர்க்குப்பத்தைக் குறிக்கின்றன. நம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள அதே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம்! ஆனால் அது உயரமான பழைய ரகம். உரத்தைக் கூட்டினால் படுத்துவிடும் பயிர். சாய்கிற நெல்லைக் கொண்டுபோய், சாயாத நெல்லோடு எதற்காகச் சேர்த்தார்கள்?

அடுத்த வாரம் திரூருக்குப் போகிறோம்.