வாத உறுப்புகள்

கேட்பவரை ஒரு முடிவுக்கு இணங்கவைக்கும் பேச்சையோ எழுத்தையோ பகுத்து ஆராயும்போது கிடைக்கும் கூறுகள் வாத உறுப்புகள். தமிழில் இவற்றை விரிவாக வகுத்துரைப்பது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அதன் 29ஆவது காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு இவற்றைக் கற்பிக்கிறார்.

உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பது ஏது, அதாவது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் அப்படியே புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம், முடித்துச் சொல்வது நிகமனம். பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறார் அடிகள். எனவே ஆராய வேண்டியவை முதல் மூன்றே.

காதையின் பெருஞ்சிறப்பு போலிகளை, அதாவது குற்றமுள்ள உறுப்புகளை, அது எண்ணி வகுத்திருப்பது. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. என் தாய் மலடி என்பவன் தன் சொல்லாலேயே தன்னை மறுக்கிறான். இது பக்கப் போலி. ஒலி கண்ணுக்குப் புலப்படுவதால் அழியக்கூடியது என்றால், அந்த ஏதுவை வாதியும் ஏற்கமாட்டான், எதிர்வாதியும் ஏற்கமாட்டான். இது ஏதுப் போலி. தொலைவில் தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீருமுன்பே அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவது இன்னொரு வகை ஏதுப் போலி. பக்கத்து ஊரில் மதுக்கடையை மூடியதும் குற்றம் குறைந்தது, இங்கும் மூடுக என்று எழுதும் தலையங்கத்தை இம்முறையில் எளிதாகச் சோதிக்கலாம்: அங்கே குற்றம் குறைந்தது உறுதியா, கடை மூடியதுதான் காரணமா, இரண்டு ஊரும் ஒத்தவையா?

இந்தப் போலிகள் எண்ணிலும் அமைப்பிலும், பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் மரபைச் சேர்ந்த நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒத்துப்போகின்றன. ஆகவே காதை அந்நூலுக்குப் பிற்பட்டது என்பதே பொருத்தம். காப்பியம் அளவைகளையும், அதாவது அறிவைப் பெறும் வழிகளையும், எண்ணுகிறது: 27ஆவது காதையில் அளவைவாதி என்னும் சமயவாதி, ஆசிரியர்களான வியாதர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என அவற்றை அடுக்குகிறான். அடிகளோ காட்சி, கருத்து என இரண்டே போதும் என்கிறார். உ. வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த பிறகே இவையெல்லாம் பரவலாகப் படிக்கக் கிடைத்தன.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் ஆகிய மூன்றையும் இணங்கவைக்கும் வழிகளாகக் கொண்டார். அடிகளின் பாடம் மூன்றாவதை மட்டுமே தொடுகிறது. ஆனால் முதலாவதன் வலிமையைச் சாத்தனார் நன்கறிவார்: இளம்பெண்ணிடம் சமயக்கணக்கர், அதாவது சமயவாதிகள், தம் நூற்பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதால், வஞ்சி நகரில் மணிமேகலை ஒரு மாதவன், அதாவது பெருந்தவசி, வடிவெடுத்தே அவர்களை அணுகுகிறாள்.

இன்று கட்டுரைப் பகுப்பாய்வு கற்பிக்கும் வகுப்புகளில் பெரிதும் வழங்குவது அரிஸ்டாட்டிலின் பகுப்பே.