விலையே முதல் முடிவு: மென்பொருள் புத்தொழில்களின் முதலீடும் உருவாக்கமும்

மென்பொருள் நிறுவனம் தொடங்குவோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகிறது: முதலில் பணம் திரட்ட வேண்டும், பிறகு பொருளை உருவாக்க வேண்டும், கடைசியாக விலை வைக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். யாருக்கு விற்கிறோம், எப்படி விற்கிறோம், எந்த வசதியை எழுதுகிறோம், யாருடைய பணத்தில் எழுதுகிறோம் என்ற நான்கையும் விலைதான் தீர்மானிக்கிறது.

விலைக்கும் விற்பனை முறைக்கும் உள்ள பிணைப்பை மென்பொருள் துறை எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். விலை 1,000 டாலருக்குள் இருந்தால் வாடிக்கையாளர் தானே பார்த்து வாங்கிக்கொள்வார். 75,000 டாலருக்கு மேல் போனால் விற்பனையாளர் நேரில் சென்று, பலமுறை பேசி, ஒப்புதல் வாங்க வேண்டும். இடைப்பட்ட விலையில் மென்பொருளே இல்லை என்றார் அவர். விற்பனையாளரின் சம்பளத்துக்கு அந்த விலை கட்டாது. மேலாளர் தன் கிரெடிட் கார்டில் வாங்கவோ அது மிக அதிகம். சந்தா முறை பரவியபின் எண்கள் மாறியிருக்கின்றன. அவர் சொன்ன காரணம் மாறவில்லை.

சிட்னியில் 2002இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியன் கீழ்த்தட்டு விலையையே தேர்ந்தெடுத்தது. விலையை இணையதளத்தில் வெளிப்படையாகப் போட்டது. விற்பனைப் படை வைக்கவில்லை. அதோடு பொறியாளர்களின் வேலையும் முடிவாகிவிட்டது. யாரும் சொல்லித்தராமலே நிறுவிக்கொள்ளும்படி மென்பொருள் இருக்க வேண்டும், ஆவணங்கள் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும், இலவசச் சோதனைக் காலத்திலேயே பயன் தெரிய வேண்டும். 2010இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 6 கோடி டாலருடன் வந்தபோது, அந்நிறுவனம் எட்டு ஆண்டுகளாக வாடிக்கையாளர் பணத்தில்தான் வளர்ந்திருந்தது.

சென்னையின் இரு நிறுவனங்களை எதிரெதிர்ப் பாதைகளாகக் காட்டுவது வழக்கம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்த ஸோஹோ, துணிகர முதலீட்டை நாடாமலே வளர்ந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பல சுற்று முதலீடு வாங்கி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பங்கொன்று 36 டாலர் விலையில் பட்டியலாகி, சுமார் 100 கோடி டாலர் திரட்டியது. ஆனால் விலையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன என்பேன். 2010இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் திடீரென விலையை உயர்த்தியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அப்போது ஸோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் அந்தக் கோபத்தில் ஒரு சந்தையைக் கண்டார், பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆன ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது. 2011இல் ஆக்செலின் 10 லட்சம் டாலர் வந்தபோது பொருள் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. ஸோஹோ 2017இல் முப்பதுக்கும் மேற்பட்ட செயலிகளைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் வாங்கினால் ஆளுக்கு மாதம் 30 டாலர் என்றது. வெளியாருக்குக் காலாண்டுக் கணக்கு காட்டத் தேவையில்லாத நிறுவனத்தால்தான் அப்படித் துணிய முடியும்.

விலையே முதலீடாகவும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதம் 1,000 ரூபாய்க்கு 200 வாடிக்கையாளர்கள் இருந்தால் மாதம் 2 லட்சம் வரும். ஓராண்டுக்கு முன்பணம் கட்டினால் 10,000 ரூபாய் போதும் என்று சொல்லி அனைவரும் ஏற்றால், 20 லட்சம் இன்றே கைக்கு வரும். ஒரு பங்குகூடக் கைமாறாது. அது இன்னும் உழைத்துக் கொடுக்க வேண்டிய பணம் என்பதால் முழுவதையும் உடனே செலவழிக்கக் கூடாது. இந்தியாவில் ஆண்டுச் சந்தாவை நாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் உறுதிசெய்ய வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. 2022 ஜூனில் வரம்பு 15,000 ஆனது. அதற்கு மேற்பட்ட மாதச் சந்தா வைப்பவர், "தொடரலாமா?" என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை தாமாகவே கேட்கிறார்.

உருவாக்கத்தில் ஒரே எச்சரிக்கை போதும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தமக்கு மட்டும் ஒரு வசதி கேட்பார். அதை இலவசமாக எழுதிக்கொடுத்தால், அடுத்த ஒவ்வொரு பதிப்பிலும் அதைப் பராமரிக்கும் செலவு மற்ற எல்லாரின் சந்தாவிலிருந்து போகும். விலை சொல்லிவிட்டால், அது உண்மையான தேவையா என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஆனால் வெளிப்பணம் முதலில் வந்தே தீர வேண்டிய துறைகளும் இருக்கின்றன. இரு தரப்பும் பெருங்கூட்டமாகச் சேர்ந்தால்தான் பயன்படும் சந்தைத்தளம் அப்படிப்பட்டது. அங்கே நிறுவனர் பார்க்க வேண்டியது மதிப்பீட்டை அல்ல, நிறுவனத்தை விற்கும்போது முதலீட்டாளருக்கு உள்ள முன்னுரிமை விதியை. 20 விழுக்காட்டுக்கு 10 கோடி போட்டவர், போட்ட பணம் முதலில் தமக்கே என்று எழுதி வாங்கியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். நிறுவனம் 12 கோடிக்கு விலைபோனால், பங்குக் கணக்குப்படி அவருக்குச் சேர வேண்டியது 2.4 கோடி, கிடைப்பதோ 10 கோடி. ஐந்தாறு ஆண்டு உழைத்த நிறுவனரும் ஊழியர்களும் மிச்சம் 2 கோடியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். போட்ட பணத்தைப் போல ஒரு மடங்கு முன்னுரிமை பரவலாக உள்ள வழக்கம்தான். இரண்டு மடங்கு கேட்டால், அல்லது போட்டதை எடுத்தபின் மிச்சத்திலும் பங்கு கேட்டால், நிறுவனர் அங்கேயே மறுக்க வேண்டும். ஆண்டுச் சந்தாப் பணம் கையில் இருக்கும் நிறுவனத்துக்கு அப்படி மறுப்பது எளிது.