வருத்தமும் ஓர் ஆங்கில வினையும்

வன்னிப் பெருநிலத்திலே, உருத்திரபுரம் போன்ற குடியேற்றக் கிராமங்களிலே, ஒருவர் நோயுற்றுக் கிடந்தால் அயலவர் 'அவருக்கு வருத்தம்' என்பர். நோயாளி வருத்தக்காரர். அவரைக் காணச் செல்வது வருத்தம் பார்க்கப் போதல். குணமாகிவிட்டால், வருத்தம் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் இதுவே வழக்கு. தமிழ்நாட்டிலோ வருத்தம் என்றால் மனத்துயர். ஆகவே, மாணவன் கட்டுரையிலே 'தந்தைக்கு வருத்தம்' என்று எழுதினால், அதனைக் கொச்சையென வெட்டி 'நோய்' என்று திருத்தும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். அத்திருத்தம் வேண்டாதது என்பது என் கருத்து. காரணங்காட்ட, ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'எய்ல்' என்றொரு வினை உண்டு. நோயால் நலிதல் என்பது அதற்கு இன்று வழங்கும் பொருள். பழைய ஆங்கிலத்திலே அதன் பொருள் துன்புறுத்துதல், அலைக்கழித்தல் என்பதே. நோய்க்கும் அதற்கும் தனியுறவு இருக்கவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், வனாந்தரத்திலே நீரின்றிப் பிள்ளையோடு தவிக்கும் ஆகாரை நோக்கித் தேவதூதன் வினவும் வினாவில் இச்சொல் வருகின்றது. ஆகாருக்கு நோய் ஏதுமில்லை. அவளுக்கு நேர்ந்தது துயரம். 1819இல் கவிஞர் கீட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கதைப்பாடல் ஒன்றும் இவ்வினையையே கொண்டு தொடங்குகிறது. அங்கே வெளிறிப்போய் நிற்கும் வீரனுக்கு வந்தது உடல்நோயா, காதல்நோயா என்று பிரித்தறிதல் அரிது. துன்பத்தைக் குறித்த சொல் மெல்ல மெல்ல நோயைக் குறிக்கலாயிற்று. நம் 'வருத்தம்' நடந்த வழியும் இதுவே அன்றோ?

'டிசீஸ்' என்னும் பெயர்ச்சொல்லும் அவ்வாறே. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லைப் பிரித்தால் 'சுகம் இன்மை' என்றாகும். நாம் விடுமுறை விண்ணப்பங்களில் எழுதும் சுகவீனமும் சுகம், ஈனம் என்றே பிரியும். ஒன்றைப் பார்த்து மற்றொன்று ஆக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மனிதர் நோயை நினைக்கும் விதம் எங்கும் ஒத்திருக்கிறது, அவ்வளவே.

தமிழின் பழஞ்சொற்களையும் நோக்குவோம். நோதல் என்னும் வினையடியாகப் பிறந்தது நோய். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் அது உடற்பிணி. காமத்துப்பாலில் அதே சொல் பிரிவுத்துயர். பிணி என்பதோ பிணித்தல், அதாவது கட்டுதல் என்னும் பொருளோடு உறவுடையது. பாயோடு கட்டுண்டு கிடந்தவர்க்கு அதன் பொருத்தம் தெரியும்.

இனி, வருத்தம். முயற்சியைப் பேசும் 619ஆம் குறளில் வரும் மெய்வருத்தம் மனக்கவலையன்று. உடல் படும் பாடு. உடலைச் சார்ந்த அப்பொருளுக்கு நெருங்கி நிற்பது சென்னை வழக்கா, வன்னி வழக்கா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம். நம் வழக்கைக் கொச்சை என்போர் இக்குறளை மறந்துவிட்டனர்.

நாட்டுக்கு நாடு பொருள் வேறுபடுதல் ஆங்கிலத்துக்கும் புதிதன்று. 'சிக்' என்னும் சொல் பிரித்தானியாவில் பெரும்பாலும் குமட்டல், வாந்தியைக் குறிக்கும். நோயுற்றநிலைக்கு அங்கே 'இல்' என்பர். அமெரிக்கரோ 'சிக்' என்பதையே நோய் முழுவதற்கும் வழங்குவர். பழைய பொருள் அவர்களிடமே நிலைத்தது. அமெரிக்கப் பிள்ளையின் ஏட்டில் அச்சொல்லை யாரும் வெட்டுவதில்லை.

ஆயினும் இவ்வேறுபாட்டை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் கடல்கடந்து தமிழ்நாட்டை அடைந்தனர். அங்கே ஒரு முதியவள் மருத்துவரிடம் 'ஒரு வருடமாக எனக்கு வருத்தம்' என்றால், அவர் ஆறுதல் மொழி கூறி அனுப்பிவிடவும் கூடும். எனவே, சொல்லை வெட்டாமல், ஏட்டின் ஓரத்திலே 'தமிழ்நாட்டில் இதன் பொருள் மனத்துயர்' என்று குறித்துக் கொடுப்பது போதும்.

இன்னொன்று. 'எய்ல்' என்னும் வினைக்குப் பழைய முறையில் துன்பமே எழுவாய்; மனிதன் செயப்படுபொருள். மனிதனே எழுவாயாகியது பிற்காலத்தில். தமிழிலும் 'அவருக்கு வருத்தம்' என்னும்போது மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். நோய் அவரிடம் வருகிறது. பாக்கு நீரிணைக்கு இருபுறமும் நோயாளியிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'உங்களுக்கு என்ன செய்கிறது?' தேவதூதன் ஆகாரிடம் கேட்ட வினாவின் அமைப்பும் ஏறக்குறைய அதுவே.