இப்னு பதூதா கண்ட மதுரையும் கடற்கரையும்

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பன்முறை வலியுறுத்துகின்றது. மதுரையில் வாழும் நாம், நம்மை நாடி வரும் விருந்தினருக்குக் காஜிமார் பெரிய பள்ளிவாசலையும், வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவையும் காட்டுகின்றோம். பின்னர் இராமநாதபுரத்துக் கடற்கரைக்கும் அழைத்துச் செல்கின்றோம். மதுரை சுல்தான்களின் காலத்தைப் பெருமையுடன் பேசுகின்றோம். அக்காலத்தை நேரில் கண்டவர் என்ன எழுதி வைத்தார் என்பதையும் சொல்வது நம் கடமையன்றோ?

மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கப்பலேறி, அரபிகள் 'மஅபர்' என வழங்கிய நம் கரையை நோக்கி வந்தார். கடுங்காற்றில் அகப்பட்ட கப்பல் ஆழங்குறைந்த நீரில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். உடன் வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் இரவெல்லாம் கப்பலிலேயே கிடந்தார். விடிந்ததும் படகிலே வந்து கரை சேர்த்தோர் முஸ்லிமல்லாத கடலோர மக்கள். அவர்கள் மரங்கள் அடர்ந்த ஓரிடத்திற்கு அழைத்துச் சென்று, நல்ல மீனும் பழமும் கொடுத்து உபசரித்தனர். பஞ்சு போன்ற நார், அதனுள் தேன் போன்ற சாறு, அதிலிருந்து செய்யும் இனிப்பு என்று அவர் அப்பழத்தை வருணிப்பதைப் படிக்கும் தமிழனுக்குப் பனையன்றி வேறெது நினைவுக்கு வரும்?

மதுரையில் தனியரசு நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை இப்னு பதூதா மணந்திருந்தார். அப்போது ஆண்ட கியாதுத்தீன் தாமகானி மணந்ததும் அவருடைய மற்றொரு மகளையே. ஆக, சுல்தான் அவருக்குச் சகலை. ஆயினும் அந்த உறவு அவருடைய எழுத்தைத் தடுக்கவில்லை. போரில் பிடிபட்டவர்களின் மனைவி மக்களையும் சுல்தான் கொல்வித்ததை அவர் மறைக்காமல் பதிந்தார். உணவு வேளையில் ஒரு சிறுவனையும் பெற்றோரையும் வெட்டச் சொன்னபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னார். அல்லாஹ் அம்மன்னனுக்கு விரைவிலேயே முடிவைத் தந்தது இக்கொடுமையாலேயே எனத் தீர்ப்பும் எழுதினார்.

அகன்ற வீதிகளையுடைய பெருநகராக மதுரையைக் கண்ட அவர், கொள்ளைநோய் அதைச் சூறையாடியதையும் கண்டார். சுல்தானின் தாயும் மகனும் மாண்டனர். பின்னர் சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவும் காய்ச்சலில் வீழ்ந்து, புளியைக் கரைத்துக் குடித்துத் தேறினார்.

கடற்கரையில் அவர் 'ஃபத்தன்' எனக் குறிக்கும் துறைமுகத்தில் அழகிய கற்பள்ளிவாசல் ஒன்றும், கடலில் மரத்தூண்கள் மேல் எழுப்பிய மண்டபமும் இருந்தன. அது எப்பட்டினம் என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடினும், பெரியபட்டினமே என்பாரும் உளர். 1980களில் அங்கு நிகழ்ந்த ஆய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. கீழைக் கடலின் வாணிகத்தில் அவ்வூர் பெற்றிருந்த இடத்திற்கு அவை சாட்சி.

அந்த சுல்தானியம் அரை நூற்றாண்டளவே நிலைத்தது. 1378ஆம் ஆண்டளவில் அதன் கதை முடிந்தது. பள்ளிவாசலும் தர்காவும் எவ்வாறு நிலைத்தன? கோரிப்பாளையத்திலுள்ள 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாண்டியர் அளித்த மானியத்தை நாயக்க மன்னர் வீரப்பர் உறுதிசெய்ததைக் கூறுகின்றது. சுல்தான்கள் மறைந்து இரு நூற்றாண்டுகள் சென்ற பின்னரும் பிற சமயத்து மன்னர் காத்த உரிமை அது.

இனி நம் விருந்தினரைக் கடற்கரையில் நிறுத்தும்போது, முன்பின் அறியாத அயலவரைக் கரை சேர்த்துப் பசியாற்றிய அம்மக்களையும் நினைவுகூர்வோம். அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுக்கும் நாம் நன்றிக் கடன்பட்டுள்ளோம். சகலையென்றும் பாராமல் உண்மையை எழுதிய அந்தப் பயணிக்கும்தான்.